பார்ப்பதும் பங்கெடுப்பதும்

மேற்படிப்புக்காக ஐரோப்பா செல்லும் நமது பகுதி மாணவர்கள், மதுக் கிண்ணத்தைப் பற்றி ஊரிலேயே முடிவெடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். அங்கு அவர்களைத் தடுமாற வைப்பது கிண்ணமல்ல, நண்பர்களின் அழைப்பு. “சனிக்கிழமை பியர் ஆலை பார்க்கப் போகிறோம். நீயும் வா. நீ குடிக்க வேண்டாம், சும்மா பார்” என்கிறார்கள். குடிப்பது ஹராம் என்பதில் இரு கருத்தில்லை. பார்ப்பது? “போகவே கூடாது” என்றும் சொல்லிவிடலாம், “அதிலென்ன இருக்கிறது” என்றும் சொல்லிவிடலாம். இரண்டு பதிலும் கேள்வியை மூடிவைக்கின்றனவே தவிர விளங்கப்படுத்துவதில்லை.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினை எடுத்துக்கொள்வோம். அங்கு சென் ஜேம்ஸ் கேட் என்னுமிடத்தில் கின்னஸ் மதுவாலை இருக்கிறது. 1759ஆம் ஆண்டின் கடைசி நாளில், வருடத்துக்கு 45 பவுண் வாடகையில், 9000 வருடங்களுக்கு அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார் ஆர்தர் கின்னஸ். மனித ஆயுளையும் மனித ஆசையையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. நொதித்தலுக்கென்று 1904இல் கட்டப்பட்ட அதன் பழைய கட்டடமொன்று 2000ஆம் ஆண்டு முதல் பார்வையாளர்களுக்காகத் திறந்திருக்கிறது. முளைகட்டிய வாற்கோதுமையையும் வறுத்த வாற்கோதுமையையும் வெந்நீரில் ஊறவைப்பது, வடித்தெடுத்த சாற்றை ஹொப்ஸ் பூவிட்டுக் கொதிக்கவைப்பது, மதுவம் சேர்த்து நொதிக்கவிடுவது என்று எல்லாம் மாடிமாடியாக விளக்கப்படுகின்றன. ஏழாவது மாடியில், கண்ணாடிச் சுவர்களினூடே நகரம் முழுவதும் தெரியும் மதுக்கூடம் இருக்கிறது. நுழைவுச் சீட்டின் விலைக்குள்ளேயே அங்கு அருந்தும் பானமும் அடங்கும்.

முதலில் அறிவின் பக்கத்தைப் பார்ப்போம். 1899இல் இந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர் வில்லியம் கொசெட். வாற்கோதுமை பற்றிய சிறுசிறு மாதிரிகளிலிருந்து எவ்வளவு தூரம் நம்பகமான முடிவுக்கு வரலாம் என்பது அவருடைய பிரச்சினை. நிர்வாகம் சொந்தப் பெயரில் எழுத இடந்தராததால், 1908இல் ‘மாணவன்’ என்று பொருள்படும் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் தன் விடையை வெளியிட்டார். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும் பிள்ளை பயன்படுத்தும் டீ-சோதனை அங்கிருந்து வந்ததுதான். டென்மார்க்கில் கார்ல்ஸ்பர்க் மதுவாலை 1875இல் ஓர் ஆய்வுகூடம் அமைத்தது. தானியத்திலுள்ள புரதத்தைக் கணிக்க உதவும் கெல்டால் முறை 1883இல் அங்கு உருவானது. மண்ணின் அமிலத் தன்மையைச் சொல்ல இன்று நாம் பயன்படுத்தும் பீ.எச். அளவுகோலை 1909இல் அங்குதான் சோரன்சன் வகுத்தார். இன்னும் பின்னோக்கிப் போனால், ‘அல்கஹோல்’ என்ற சொல்லே சுர்மாவைக் குறிக்கும் ‘அல்குஹ்ல்’ என்ற அறபுச் சொல்லிலிருந்து பிறந்தது. அறிவு எந்தக் கட்டடத்தில் பிறந்தது என்று பார்த்து அதை விலக்கிவைப்பதானால், நமது வயலிலும் வகுப்பறையிலும் மிஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும்.

இதை ஒப்புக்கொள்வதால் ஈமானுக்குக் குறைவு வந்துவிடாது. ஸூரத்துல் பகறாவின் 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மனிதருக்குப் பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. அவற்றின் பாவம் பயனை விடப் பெரிது என்றே சொல்கிறது. முழுமையான தடை பின்னர் ஸூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனத்தில் வருகிறது. பயன் இருப்பதை அறிந்துகொண்டே விலகச் சொல்கிறது மார்க்கம். எதிரே இருப்பதில் நன்மை எதுவுமே இல்லை என்று பொய் சொல்லித்தான் விலக முடியும் என்றால், அந்த விலகல் பலவீனமானது. நன்மையொன்றைக் கண்டதும் அது சாய்ந்துவிடும்.

ஆயினும், அறிவு ஹலால் என்பதால் அந்த ஆலையின் வாசலும் தானாகவே ஹலாலாகிவிடுமா? மதுவின் விடயத்தில் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக வரும் ஹதீஸை திர்மிதியும் இப்னு மாஜாவும் பதிவுசெய்திருக்கின்றனர். பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக்கொடுப்பவர், விற்பவர், அதன் விலையைத் தின்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். இப்பட்டியலில் பார்த்தவர் இல்லை, அறிந்தவர் இல்லை. ஆனால் குடித்தவரும் ஒரேயொருவர்தான். மற்ற ஒன்பது பேரில் எவரும் ஒரு துளியைக்கூட நாவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, கேட்க வேண்டியது கண் என்ன செய்தது என்பதல்ல. நமது பங்கு என்ன என்பதுதான். நுழைவுச் சீட்டு அந்தப் பங்குகளில் ஒன்று. நான் குடிக்காவிட்டாலும், ஒரு கிளாஸின் விலையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். எனது கிளாஸை நண்பன் குடித்தால் அவனுக்காக வாங்கியவன் நானாகிறேன். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாமென்ற நபிமொழியும் இருக்கிறது. அந்த ஏழாவது மாடிக்கு அது பொருந்தாது என்று சொல்வது கடினம். நொதித்தலைக் கற்கும் விஞ்ஞான மாணவன் ஆய்வுகூடத்தில் நிற்பதற்கும், ஒரு கம்பனி தனது பண்டத்தை விற்பதற்காக அமைத்த வீட்டில் விருந்தாளியாக நிற்பதற்கும் வித்தியாசமுண்டு. முன்னது கல்வி. பின்னது விருந்து, அதிலே கல்வியும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அந்த விருந்துக்குப் போகாமலிருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மறுப்பதற்கும் ஒரு முறையுண்டு. நண்பர்களைத் தாழ்ந்தவர்களாகப் பார்த்து மறுப்பவன் ஒரு பாவத்தைத் தவிர்க்க இன்னொன்றைச் சுமக்கிறான். மதுவை விலக்குவது நமக்கு மட்டுமே தெரிந்த காரியமுமல்ல. அதே அயர்லாந்தில் 1838இல் மத்தியூ என்ற பாதிரியார் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் லட்சக்கணக்கான கத்தோலிக்கர்கள் சத்தியம் செய்து குடியை விட்டார்கள். நமது நாட்டில் 1912இல் மதுவிலக்கு இயக்கத்தை முன்னெடுத்தவர்கள் பெரும்பாலும் பௌத்தர்கள். “நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள், இரவுச் சாப்பாட்டுக்கு என் அறைக்கு வாருங்கள்” என்று சொல்லும் மாணவன் தன் மார்க்கத்தையும் இழப்பதில்லை, நண்பர்களையும் இழப்பதில்லை.

ஆனால் பங்கு என்று பேசத் தொடங்கினால், பேச்சு டப்ளினில் நின்றுவிடாது, இறக்காமத்துக்கும் வரும். 1912இன் அந்த இயக்கத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் டீ.எஸ். சேனாநாயக்க. பிரதமரான பின்னர், 1949இல் அவருடைய அரசாங்கம் தொடங்கிய கல்லோயாத் திட்டம்தான் நமது பிரதேசத்தின் நீரையும் நிலத்தையும் மாற்றியமைத்தது. அத்திட்டத்தின் நிலத்திலேயே கரும்பும் வந்தது, ஹிங்குரான சீனித் தொழிற்சாலையும் வந்தது. கரும்பைப் பிழிந்து சீனியை எடுத்த பின் எஞ்சும் கருநிறப் பாகிலிருந்து மதுசாரம் வடிக்கப்படுகிறது. மது ஒழிய வேண்டுமென்று பாடுபட்ட ஒருவரின் கனவு நிலத்தில் விளைந்ததும் ஈற்றில் சாராயப் போத்தலுக்குள் போய்ச் சேர முடிந்தது. மனிதனின் நல்ல நிய்யத்து அவன் கையை விட்டுப் போன பின் எங்கெல்லாம் பயணப்படும் என்பதற்கு இது நம் வாசலிலேயே கிடக்கும் உதாரணம்.

கரும்பு செய்யும் நமது விவசாயி பத்துப் பேரில் ஒருவரா? அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. மது பிழிபவனுக்குத் திராட்சை விற்பதை நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் பேசியிருக்கின்றன. மதுவாக்குவான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு சட்டம், சந்தேகம் மட்டுமென்றால் இன்னொரு சட்டம். கரும்பு விற்கப்படுவதோ சீனிக்காக. எஞ்சும் பாகு மாட்டுத் தீவனமாகவும் போகலாம். மதுசாரத்துக்கும் ஒரே வழிதான் என்றில்லை; 2020இல் கொரோனா காலத்தில் பள்ளிவாசல் படலையில் நாம் கையில் பூசிக்கொண்ட கிருமிநாசினியிலும் அதுதான் இருந்தது. தூரமும் நிய்யத்தும் அறிவும் வேறு வழியின்மையும் ஒருவருடைய பங்கைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. கடனில் கரும்பு நடும் ஏழையின் பங்கும், பாகு எங்கே போகிறதென்று நன்கறிந்து இலாபத்தை எண்ணுபவரின் பங்கும் ஒன்றல்ல. மதுவரி சேரும் திறைசேரியிலிருந்து சம்பளம் பெறும் நாம் எல்லோருமே ஏதோவொரு தூரத்தில் நிற்கிறோம்.

எல்லோருக்கும் பங்கிருப்பதால் யாருக்கும் பொறுப்பில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. அருகிலிருப்பவர் கூடுதலாகக் கேட்க வேண்டும், தூரத்திலிருப்பவர் தீர்ப்புச் சொல்வதைக் குறைக்க வேண்டும் என்பதே அர்த்தம். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை மதுவாலைக்குப் போனானா என்று விசாரிக்கும் ஊர், தனது கரும்பின் பாகு எங்கே போகிறது என்றும் ஒருமுறை விசாரிக்கலாம். விவசாயச் சங்கக் கூட்டத்தில் அதைக் கேட்பதற்கு நுழைவுச் சீட்டு எதுவும் தேவையில்லை.