அளவும் காரணமும் அக்கறையும்: சமையலறிவைப் பகிர்தலின் அறம்

இந்திய அறமரபுகள் ஈகையை ஆராயும்போது உணவுக்கொடையையும் அறிவுக்கொடையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது வழக்கம். உணவைக் கொடுப்பவரிடம் கொடுத்த அளவு குறைகிறது. பெற்றவருக்கோ அடுத்த வேளை மீண்டும் பசிக்கிறது. அறிவைக் கொடுப்பவரிடம் எதுவும் குறைவதில்லை. பெற்றவரிடம் அது வாழ்நாள் முழுவதும் நிற்கிறது. இவ்வேறுபாட்டைக் காரணமாகக் காட்டியே வடமொழி நீதிமரபு, அறிவைக் கொடுத்தலாகிய வித்தியாதானத்தை அன்னதானத்துக்கும் மேலே வைத்தது. ஆனால் வீட்டில் சமைக்கும் ஒருவர், தம்மைப் போலவே சமைக்கும் இன்னொருவருக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு எதைச் செய்யலாம், அதை எப்படிப் பக்குவமாக இறக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கும்போது நிகழும் கொடை இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்பது எளிதில் விடை கூறத்தக்க வினா அன்று. பொருளால் அது உணவைச் சார்ந்தது. வடிவால் அறிவைச் சார்ந்தது. அதைப் பகிர்வது கடமையா, விருப்பமா, கடமையெனில் அக்கடமை எதுவரை நீள்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உணவைப் பகிர்வது பற்றி மூலநூல்கள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ரிக்வேதத்தின் 10ஆம் மண்டலத்தில் உள்ள 117ஆம் பாடல், பிறருக்குக் கொடாமல் தனித்து உண்பவனைக் குற்றமுடையவனாகவே காண்கிறது. பகவத்கீதையின் 3ஆம் அத்தியாயம் ஒரு படி பின்னால் சென்று, தமக்காக மட்டுமே சமைப்பவர்கள் பாவத்தையே உண்கிறார்கள் என்கிறது. திருவள்ளுவர், கிடைத்ததைப் பங்கிட்டு உண்டு உயிர்களைக் காப்பதை அறங்களுக்கெல்லாம் தலைமையாகக் கொல்லாமை அதிகாரத்தில் வைத்தார். இவற்றுள் கீதையின் கூற்று இங்கே தனிக் கவனத்துக்கு உரியது. ஏனெனில் அது குற்றத்தை உண்ணும் இடத்தில் வைக்காமல் சமைக்கும் இடத்திலேயே வைக்கிறது. அடுப்பை ஏற்றும்போது யாரை மனத்தில் கொண்டு ஏற்றுகிறார் என்பதே அங்கே அறத்தின் அளவுகோலாகிறது. எனினும் இந்நூல்கள் பேசுவது சமைத்த உணவைப் பற்றியே அன்றிச் சமைக்கும் திறனைப் பற்றி அன்று. ஆகவே பகிர்தல் என்னும் கடமையைத் திறனுக்கும் நீட்ட விரும்புவோர், சமையல் உண்மையிலேயே பகிரத்தக்க அறிவுதானா என்பதை முதலில் நிறுவியாக வேண்டும்.

அது அறிவே அன்று என்று மறுத்தவர்களுள் முதன்மையானவர் பிளேட்டோ. அவருடைய ‘கோர்கியாஸ்’ என்னும் உரையாடலில், சமையல் ஒரு கலையன்று என்று சாக்ரடீஸ் போலஸ் என்பவரிடம் வாதிடுகிறார். கிரேக்கர்கள் ‘டெக்னே’ என்று குறித்தது, தான் செய்வதற்குக் காரணம் கூறவல்ல முறையான கலையறிவை. ‘எம்பெய்ரியா’ என்று குறித்தது, திரும்பத் திரும்பச் செய்து பழகியதால் மட்டும் வந்த கைவாகை. மருத்துவம் உடலின் இயல்பை அறிந்து, எதை ஏன் கொடுக்கிறது என்று சொல்லவல்லது என்பதால் முதல் வகையைச் சேரும் என்றும், சமையல் எது நாவுக்கு இன்பம் தரும் என்று ஊகிக்குமே தவிரக் காரணம் கூறாது என்பதால் இரண்டாம் வகையையே சேரும் என்றும் அவர் பிரித்தார். சிறுவர்களை நடுவர்களாக அமர்த்தி மருத்துவரையும் சமையற்காரரையும் போட்டியிடச் செய்தால் மருத்துவர் பட்டினியால் சாக நேரும் என்பது அவ்வாதத்தின் கூர்முனை. அதே உரையாடலின் பிற்பகுதியில், சிசிலி நாட்டுச் சமையலைப் பற்றி நூல் எழுதிய மித்தைக்கஸ் என்பவரையும் அவர் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறார் என்பதால், சமையல் எழுத்தில் வந்துவிட்ட பிறகும் அவர் தம் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளவில்லை என்பது தெளிவு.

இம்மறுப்பை எதிர்கொள்ள, சமையலின் சுவையைப் புகழ்வது போதாது. சமையல் காரணம் கூறும் என்று காட்ட வேண்டும். துவரம் பருப்பு குழைய வெந்த பின்பே புளிக்கரைசலைச் சேர்க்க வேண்டும் என்பது சாம்பார் வைக்கும் எல்லோரும் அடுத்தவருக்குச் சொல்லும் குறிப்பு. பருப்பின் உயிரணுச் சுவர்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் முதலிய பொருள்கள் வெந்நீரில் கரைவதாலேயே பருப்பு மென்மையாகிறது. புளியின் அமிலம் அக்கரைதலைத் தடுக்கிறது. எனவே முன்னதாகவே புளி சேர்த்த பருப்பு நெடுநேரம் கொதித்தும் விதைவிதையாகவே நிற்கிறது. கடினத்தன்மை மிகுந்த கிணற்று நீரில் பருப்பு வேகத் தாமதமாவதும், அந்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதே பெக்டினை இறுகச் செய்வதாலேயே. கீரையை மூடாமல் வேகவைக்க வேண்டும் என்னும் குறிப்புக்கும் இத்தகைய அடிப்படை உண்டு: கீரையிலிருந்து வெளிப்படும் ஆவியாகும் அமிலங்கள் மூடிய பாத்திரத்துக்குள் தங்கிவிட்டால், பச்சையம் தன்னிடமுள்ள மக்னீசியத்தை இழந்து பழுப்பேறுகிறது. இக்காரணங்களைச் சொல்பவர் வேதியியல் சொற்களில் சொல்லாமல் இருக்கலாம்; ஆயினும் எது எதைத் தடுக்கிறது, எது எதற்கு முன் நிகழ வேண்டும் என்னும் ஒழுங்கை அவர் அறிந்தே சொல்கிறார். ஆகவே பிளேட்டோவின் அளவுகோலைக் கொண்டு அளந்தாலும், காரணத்தோடு சொல்லப்படும் சமையற்குறிப்பு கைவாகு என்னும் எல்லையைக் கடந்து அறிவின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அவருடைய விமர்சனம் பொருந்துவது காரணமின்றிக் கட்டளையாக மட்டும் கைமாறும் குறிப்புகளுக்கே.

தமிழ் மரபு சமையலுக்கு நூல் உண்டு என்பதில் ஐயம் கொண்டதில்லை. சமையற்கலை பற்றிய நூலைப் பழந்தமிழர் மடைநூல் என்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடன் தன்னை நாடி வந்த பாணர்க்கு அளித்த விருந்தைச் சொல்லுமிடத்தில், அவ்வுணவு அருச்சுனனின் தமையனாகிய வீமன் இயற்றிய நூலின் நெறியிலிருந்து வழுவாமல் சமைக்கப்பட்டது என்று கூறுகிறது. மணிமேகலையும் கற்றுத் தேர வேண்டிய கலைகளின் வரிசையில் மடைநூலைச் சேர்க்கிறது. நெறியிலிருந்து வழுவாமை என்பது மடைநூலில் இருந்தது வெறும் பொருள்களின் பட்டியல் அன்று, பின்பற்றத்தக்க முறை என்பதைக் காட்டுகிறது.

இதற்கு மாறான ஒரு பதிவு முறையைக் கோயில் கல்வெட்டுகளில் காணலாம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, இறைவனுக்கு நாள்தோறும் படைக்க வேண்டிய அமுதுக்கு அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறிவகைகள், மிளகும் மஞ்சளும் சீரகமும் கடுகும் கொத்தமல்லியும் அடங்கிய காயம் ஆகியவற்றை அளவோடு வரையறுக்கிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலும் இத்தகைய வரையறைகள் உள. அவற்றில் அளவு உண்டு, செய்முறை இல்லை. காரணம் வெளிப்படையானது: கல்வெட்டின் கவலை, அறக்கட்டளையாக வைத்த பொருள் குறையாமல் செலவிடப்படுகிறதா என்பதே அன்றி, யாருக்கேனும் சமைக்கக் கற்பிக்க வேண்டும் என்பது அன்று. அடுப்பின் தீயை எப்போது தணிப்பது, எந்த மணம் வந்ததும் இறக்குவது என்பவை கோயிற் சமையற்கூடமாகிய மடைப்பள்ளியில் பணிபுரிந்தோரின் கையிலேயே தங்கின. கல்லில் பொறித்து ஊரறிய வைத்த பிறகும் ஓர் உணவின் செய்முறை மறைந்தே இருக்க முடியும் என்பதற்கு இது தக்க சான்று. அளவைப் பகிர்வது கணக்கை ஒப்புவிப்பதாகலாம், அறிவைக் கொடுப்பதாகாது.

அப்படியானால் அளவோடு செய்முறையையும் எழுதிவிட்டால் கொடை நிறைவடையுமா என்பது அடுத்த வினா. ஆங்கிலேய அரசியல் மெய்யியலாளர் மைக்கேல் ஓக்‌ஷாட் 1951-இல் ஆற்றிய ‘அரசியல் கல்வி’ என்னும் உரையில், சமையல் நூல் சமையலுக்குப் பிறப்பிடம் ஆகாது என்றும், ஏற்கெனவே சமைக்கத் தெரிந்த ஒருவருடைய அறிவின் சுருக்கமே அது என்றும் வாதிட்டார். வேதியியலாளராக இருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் போலனி இதையொத்த கருத்தைப் பொதுநிலையில் விரித்து, மனிதர் சொல்ல முடிவதைவிட அதிகமாக அறிந்திருக்கின்றனர் என்னும் கொள்கையை முன்வைத்தார். சொல்லுக்குள் வராத அவ்வறிவை உள்ளுறை அறிவு எனலாம். ரசத்தை நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்று எழுதலாம். ஆனால் எந்த நுரை கொதிக்கு முந்திய நுரை என்பதைக் கண் பழகித்தான் அறிய வேண்டும். மாவு புளித்த பதம், புளிக்குழம்பில் பச்சை வாடை போன கணம், தாளிப்பில் கடுகு வெடித்து முடிந்து கருகத் தொடங்கும் முன் உள்ள இடைவெளி ஆகியவையும் அத்தகையனவே. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப்பார்’ போன்ற நூல்கள், வீட்டில் கேட்டறிய ஆளில்லாத புதியவர்களுக்கும் உதவும்படி அளவையும் வரிசையையும் விரிவாகத் தந்தன. அப்படித் தந்த நூலும் படிப்பவரின் கையும் மூக்கும் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட முடியாது.

சொல்லால் கொடுக்க முடியாத இவ்வடுக்கைப் பற்றி மிக நுணுக்கமாகச் சிந்தித்தவர் ஜப்பானிய ஜென் ஆசான் தோகென். கியோத்தோவுக்கு அருகே தாம் நிறுவிய மடத்தில் 1237-இல் அவர் எழுதிய ‘தென்சோ க்யோகுன்’ என்னும் நூல், மடத்தின் தலைமைச் சமையலாளராகிய தென்சோவுக்கு உரிய அறிவுரைகளைக் கூறுகிறது. 1223-இல் சீனாவுக்குச் சென்ற தோகென், கப்பலில் இருந்தபோது, ஜப்பானியக் காளான் வாங்க வந்த முதிய தென்சோ ஒருவரைச் சந்தித்தார். தியானத்தையும் நூலாய்வையும் விட்டுவிட்டு இந்த வயதில் சமையல் வேலையில் ஏன் உழல வேண்டும் என்று தோகென் கேட்டபோது, பயிற்சி என்றால் என்னவென்று இந்த வெளிநாட்டவருக்கு இன்னும் விளங்கவில்லை என்று அவர் சிரித்தார். பின்னர்ச் சீன மடமொன்றில், கடும் வெயிலில் காளான் உலர்த்திக்கொண்டிருந்த முதியவரிடம் இதைப் பணியாளரிடம் ஒப்படைக்கலாமே என்று கேட்டபோது, மற்றவர் நான் ஆகமாட்டார் என்பது விடையாக வந்தது. இவற்றிலிருந்து தோகென் வகுத்த நெறி, அரிசியைத் தென்சோ தாமே களைய வேண்டும், மணலைப் பார்க்கும்போது அரிசியையும் அரிசியைப் பார்க்கும்போது மணலையும் தவறவிடக் கூடாது, எளிய கீரையை இழிவாகவும் உயர்ந்த பண்டத்தைப் பெரிதாகவும் எண்ணக் கூடாது என்பதாகும். இவற்றுக்கு அடிப்படையாக மகிழும் மனம், பிள்ளையைப் பேணும் பெற்றோரின் மனம், சார்பற்று விரிந்த மனம் என்னும் மூன்றை அவர் நூலின் முடிவில் விளக்கினார். இம்மூன்றையும் ஒரே சொல்லில் அக்கறை எனலாம். அது எத்தனை முறை எழுதிக் கொடுத்தாலும் பெறுபவர் தாமே மேற்கொண்டால் அன்றி அவருடையதாவதில்லை.

ஆயினும் அக்கறை சொல்லால் கைமாறாது என்பதனால் அது பரவவே பரவாது என்று முடிவு கட்டிவிடலாகாது. சீக்கியரின் லங்கர், அதாவது குருத்துவாராவில் யாவருக்கும் இலவசமாக வழங்கப்படும் பொது உணவு, பகிர்தலை உண்ணும் வரிசையோடு நிறுத்தவில்லை. சமையலே அங்கு யாவரும் செய்யத்தக்க சேவையாகிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் சமையற்கூடத்தில் அன்று வந்த யாத்திரிகர் பழகியவர் அருகில் அமர்ந்து ரொட்டி தேய்க்கிறார். எவ்வளவு மாவு, எவ்வளவு கனம் என்பது அடுத்தவரின் கையைப் பார்த்தே தெரிகிறது. உடனிருந்து உழைப்பது உள்ளுறை அறிவு பரவும் வழி என்பதையும், அவ்வழியில் கற்பிப்பவர், கற்பவர் என்னும் ஏற்றத்தாழ்வு தளர்கிறது என்பதையும் இங்கே காணலாம்.

இனி எஞ்சுவது உரிமை பற்றிய வினா. கி.மு. காலத்துக் கிரேக்கக் குடியேற்றமான சிபாரிஸ் நகரில், புதிய உணவொன்றைக் கண்டுபிடித்த சமையலாளருக்கு ஓராண்டுக் காலம் அதைச் செய்யும் தனியுரிமை வழங்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர் ஃபைலார்க்கஸ் எழுதியதாகப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் அத்தேனியஸ் குறிப்பிடுகிறார். உழைத்துக் கண்டவருக்குப் பயன் சேர வேண்டும் என்னும் நியாயம் அதில் உண்டு. சமையலைப் பிழைப்பாகக் கொண்டவர் தம் முறையை மறைப்பதைக் குற்றம் என்று தள்ளிவிட முடியாது. வீட்டுச் சமையலின் நிலை வேறு. அங்குக் குறிப்பைக் கொடுப்பவர் எதையும் இழப்பதில்லை. மறைப்பதால் கிட்டுவது பெருமை ஒன்றே. மேலும், இந்தியச் சமூகத்தில் யார் கையால் சமைத்ததை யார் உண்ணலாம் என்று சாதி வரையறுத்தபோது, உணவு செல்ல முடியாத வீடுகளுக்கும் செய்முறை செல்ல முடிந்தது. ஆனால் பிறர் அடுப்படியில் உழைத்தவர்களின் அறிவு அவர்கள் பெயரின்றியே பலமுறை எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே பகிர்வின் அறத்தில் கொடுத்தலோடு, பெற்றதை இன்னாரிடமிருந்து பெற்றோம் என்று சொல்லும் கடனும் சேர்ந்தே இருக்கிறது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், சமையலறிவில் மூன்று அடுக்குகள் இருப்பது புலனாகும். அளவு சொல்லால் கைமாறுகிறது. காரணம் விளக்கத்தால் கைமாறுகிறது. அக்கறை உடனுழைப்பில் தூண்டப்படலாமே தவிரக் கைமாறுவதில்லை. கொடுப்பவரின் கடமை முதலிரண்டோடு முடிகிறது. அவற்றிலும் அளவை மட்டும் கொடுத்துக் காரணத்தைக் கொடாதவர், பெற்றவரைத் தம் கட்டளைக்குக் கீழ்ப்படிபவராகவே வைத்திருக்கிறார். அடுப்பும் நீரும் பருப்பும் உண்போரின் உடல்நிலையும் வீட்டுக்கு வீடு மாறுவதால், அளவை மட்டும் அறிந்தவர் முதல் மாற்றத்திலேயே தடுமாறுவார். காரணத்தை அறிந்தவரோ அளவை மாற்றிக்கொள்வார். எனவே தாம் சொல்லிக்கொடுத்த குழம்பு இன்னொரு வீட்டில் வேறு சுவையோடு வரும்போது தம் முறை கெட்டுவிட்டது என்று வருந்துபவர், தாம் கொடுத்ததை இன்னும் தம்முடையதாகவே கருதுகிறார். தமக்காகவே சமைப்பது பற்றிக் கீதை விடுத்த எச்சரிக்கை சமையலறிவுக்கும் பொருந்துமெனில், அது பொருந்தும் இடம் இதுவே: தம் பெயரையும் தம் சுவையையும் நிலைநிறுத்துவதற்காகக் கொடுக்கப்படும் குறிப்பு, தமக்காகவே சமைத்த உணவுக்கு ஒப்பானது, பெற்றவர் தம் வீட்டில் உண்போருக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளும்படி காரணத்தோடு கொடுக்கப்படும் குறிப்பே அறிவுக்கொடை என்னும் பெயருக்கு உரியதாகிறது.