எண்ணம் எழுவதும் அதற்கு இடம் கொடுப்பதும்

கெட்ட எண்ணம் ஒன்று உள்ளத்தில் தோன்றிவிடுகிறது. அதை நாம் அழைக்கவில்லை. வாயால் சொல்லவில்லை, கையால் செய்யவும் இல்லை. அப்படியிருந்தும் அதற்காக நாம் குற்றவாளிகள் ஆவோமா? ஆக மாட்டோம் என்றால், உள்ளத்துக்குள் எதை வேண்டுமானாலும் வைத்து வளர்க்கலாம் என்றாகிவிடும். ஆவோம் என்றால், இவ்வுலகில் குற்றமற்றவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. இரண்டு பக்கமும் இடர்ப்பாடுதான்.

நப்ஸோடு போராடுவதைப் பற்றி நம் இமாம்கள் எழுதியவை ஏராளம். அவற்றை நம் வாசகர்கள் அறிவர். இம்முறை, வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் இதே கேள்வியோடு எப்படி மல்லுக்கட்டினார்கள் என்பதைப் பார்ப்போம். பாவ இச்சையை வெல்வது அவர்களுடைய அன்றாட வாழ்வின் நடுப்பொருள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாட்களில் அடுத்த வீட்டுக் கிறிஸ்தவர் இறைச்சியை விட்டிருப்பதைக் காண்கிறோம். அதற்குப் பின்னால் எத்தனை நூற்றாண்டுச் சிந்தனை இருக்கிறது என்பதை நாம் விசாரித்ததில்லை.

கதை எகிப்தின் பாலைவனத்தில் தொடங்குகிறது. 4ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் ஊரைத் துறந்து அங்கே குடிசை கட்டித் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் எவாகிரியஸ். கருங்கடற்கரையை அடுத்த பொந்து நாட்டில் சுமார் 345இல் பிறந்தவர். கல்விமான், பேச்சாளர். கான்ஸ்டாண்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், சபைப் பணியில் உயர்ந்து வந்தார். அங்கே உயர் அதிகாரி ஒருவரின் மனைவி மீது அவருக்கு மோகம் உண்டாயிற்று. ஒருநாள் கனவில், தாம் கைது செய்யப்பட்டு விலங்கிடப்பட்டதாகக் கண்டார். ஊரை விட்டுப் போய்விடுவதாக அக்கனவிலேயே சத்தியம் செய்தார். விழித்ததும், கனவில் செய்த சத்தியமும் சத்தியமே என்று கப்பலேறினார்.

ஆனால் ஊரை விட்டவரை உள்ளம் விட்டதா? ஜெரூசலத்துக்கு வந்தவர் மறுபடி நல்ல உடுப்பும் பேச்சுமாகத் திரும்பினார். பிறகு காய்ச்சலில் விழுந்தார். ஆறு மாதம் மருத்துவர்களுக்கு நோய் பிடிபடவில்லை. அங்கே துறவு வாழ்க்கை நடத்திய மெலானியா என்ற அம்மையார்தான், 'உமது நோய் உடம்பில் இல்லை' என்ற கருத்தில் விசாரித்து உண்மையை வரவழைத்தார். உடல் தேறிய எவாகிரியஸ் சுமார் 383இல் எகிப்துக்குப் போய், 399இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நூல்களைப் படியெடுத்துக் கொடுத்து ரொட்டிக்கு வழி தேடிக்கொண்டார். இதை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் பல்லாதியஸ்.

பாலைவனத்தில் ஆளில்லை, கடைத்தெருவில்லை. ஆகவே அங்கே இச்சையும் இருக்காது என்று நாம் எண்ணுவோம். நேர்மாறாக இருந்தது. பொருள் இல்லாத இடத்தில் பொருளின் நினைவு வந்து நின்றது. அவர் அந்த நினைவுகளைத்தான் ஆராய்ந்தார். எந்த எண்ணம் எப்போது வருகிறது, எதன் பின்னால் எது வருகிறது, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று வைத்தியன் நாடி பார்ப்பது போல் கவனித்தார். கடைசியில் எட்டு வகையாகப் பிரித்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண் புகழ், பெருமை. இவை அவருடைய மாணவர்கள் வழியாகவும், பின்பு மார்சேல் நகரில் தங்கிய ஜான் காசியன் வழியாகவும் ஐரோப்பாவுக்குப் போயின. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப் கிரிகோரி அவற்றை மாற்றி அடுக்கி ஏழாக்கினார். 'ஏழு தலையான பாவங்கள்' என்று கிறிஸ்தவப் பிள்ளைகள் படிப்பது அதன் வழி வந்ததே. எவாகிரியஸின் தத்துவக் கொள்கைகள் சிலவற்றைச் சபையே பின்னாளில் தள்ளிவிட்டது. அவருடைய நூல்கள் சில வேறொருவர் பெயரில் உலவின. ஆளைத் தள்ளியும் மருந்தைத் தள்ள மனம் வரவில்லை போலும்!

எட்டில் நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது ஆறாவதாகிய சலிப்பு. காலை பத்து மணி வாக்கில் வந்து பிற்பகல் இரண்டு வரை துறவியை முற்றுகையிடும் என்கிறார். சூரியன் நகரவே இல்லை போலிருக்கும். சாப்பாட்டு நேரம் வந்ததா என்று அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பான். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பான். இந்த இடமே சரியில்லை, வேறிடம் போனால் நன்றாகத் தொழுவேன் என்று தோன்றும். இங்கே யாருக்கும் அன்பில்லை என்று தோன்றும். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது இது. கையில் கைபேசியை வைத்துக்கொண்டு, ஒன்றும் வரவில்லை என்று தெரிந்தும் மறுபடி மறுபடி திறந்து பார்க்கும் நம்மைப் பார்த்தே எழுதியது போலில்லையா?

இனி முதற் கேள்விக்கு வருவோம். இந்த எண்ணங்கள் வந்து தொல்லை செய்வதும் செய்யாமல் இருப்பதும் நம் கையில் இல்லை, ஆனால் அவை தங்குவதும் போவதும் நம் கையில் இருக்கிறது என்பது எவாகிரியஸின் தீர்ப்பு. இதே கருத்தை அதே பாலைவனத்தின் பொய்மென் என்ற முதியவர் செய்து காட்டியதாக ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். எண்ணங்கள் தன்னை அழிக்கின்றன என்று அழுது வந்த ஒருவரை வெளியே அழைத்துப் போய், மேலாடையை விரித்துக் காற்றைப் பிடிக்கச் சொன்னாராம். முடியாது என்றார் வந்தவர். எண்ணம் வருவதைத் தடுக்கவும் உம்மால் முடியாது, எதிர்த்து நிற்பதே உம் வேலை என்று அனுப்பி வைத்தாராம்.

இங்கே ஒரு தடை எழும். ஈஸா (அலை) அவர்கள் மலைமேல் நிகழ்த்தியதாக மத்தேயு எழுதியிருக்கும் சொற்பொழிவில், ஒரு பெண்ணை இச்சையோடு பார்ப்பதே உள்ளத்தால் செய்த விபசாரம் என்ற கருத்து வருகிறதே! அப்படியானால் பார்வையில் பட்ட கணமே ஒருவன் பாவியா? இதற்கு விடை தேடியவர் அகுஸ்தீன். 354இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்து, அங்கேயே ஹிப்போ நகரின் ஆயராகி 430இல் இறந்தவர். மூன்று படிகள் சொல்கிறார். தூண்டல் வருகிறது, அதில் உள்ளம் இன்பம் காண்கிறது, பிறகு உள்ளம் இணங்குகிறது. அந்த இணக்கத்தில்தான் பாவம் முழுமை பெறுகிறது. இச்சிக்க வேண்டும் என்றே பார்க்கிற பார்வை வேறு, கண்ணில் பட்டதால் உண்டான சலனம் வேறு என்று அவ்வசனத்தை அவர் பிரித்துக் காட்டினார்.

இதைப் படிக்கையில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா' நமக்கு நினைவு வராமல் போகாது. அகுஸ்தீனுக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் பிந்தியவர் (வஃபாத் 1111). அவர்கள் நான்கு படிகள் வைக்கிறார்கள். எண்ணம் தோன்றுதல், அதன்பால் சாய்தல், செய்யலாம் என்று உள்ளம் முடிவு கூறுதல், செய்யவே துணிதல். முதல் இரண்டுக்கும் கேள்வி கணக்கில்லை என்கிறார்கள். உள்ளத்தின் ஊசலாட்டம் சொல்லாகவோ செயலாகவோ ஆகாத வரை மன்னிக்கப்பட்டது என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. மூன்று படியோ நான்கு படியோ, இடையில் எங்கோ ஒரு வாசற்படி இருக்கிறது என்பதை இரு சாராரும் கண்டிருக்கிறார்கள்.

கிறிஸ்தவர்களிடையே இது சச்சரவில்லாமல் முடியவில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் உள்ளத்தில் எஞ்சியிருக்கும் இச்சை தன்னளவில் பாவமா என்பது 16ஆம் நூற்றாண்டில் அவர்களைப் பிளந்த கேள்விகளில் ஒன்று. ஆம், அது மெய்யான பாவமே, இறைவனின் மன்னிப்பால் மட்டுமே மனிதன் நிற்கிறான் என்றார் மார்ட்டின் லூதர். அது பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுக்கிறது, ஆனால் இணங்காதவனைக் கெடுப்பதில்லை, போராடுவதற்காகவே விடப்பட்டிருக்கிறது என்று 1546இல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம் தீர்மானித்தது. நமக்குச் சங்கத்தின் சொல்லே ஏற்கத் தக்கதாகப் படுகிறது. எனினும் லூதரின் அச்சத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட மனமில்லை. 'நான் இணங்கவில்லை, எண்ணம்தான் வந்தது' என்று எத்தனை நாள் ஒருவன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியும்! வந்த எண்ணத்துக்குப் பாய் விரித்து, வெற்றிலை கொடுத்து உட்கார வைத்துவிட்டு, 'நான் அழைக்கவில்லையே' என்றால் யார் ஒப்புவார்?

அகுஸ்தீன் இவ்விஷயத்தில் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. 386இல் மிலான் நகரில் மனம் திரும்பியவர். பத்தாண்டுக்கு மேல் கழிந்து, ஆயராகிவிட்ட பிறகு எழுதிய தம் வரலாற்று நூலின் பத்தாம் பகுதியில், இன்னும் தம்மை விடாத இச்சைகளைக் கணக்கெடுக்கிறார். பெரும் பாவங்கள் எவையும் அங்கே இல்லை. பசிக்காக உண்பது எங்கே முடிந்து ருசிக்காக உண்பது எங்கே தொடங்குகிறது என்பது தமக்கே புலப்படுவதில்லை என்கிறார். (பிரியாணித் தட்டின் முன் உட்கார்ந்த எவருக்குத்தான் புலப்பட்டது?) வயல்வெளியில் நாய் முயலைத் துரத்தினால் தம் சிந்தனை அதன் பின்னே ஓடிவிடுகிறதாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறாராம். ஊரே மதித்த அறிஞர் இதை எழுதி எல்லாரும் படிக்கக் கொடுத்தார்.

சரி, எண்ணம் வந்துவிட்டது. என்ன செய்வது? எவாகிரியஸ் ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து தருகிறார். அலையும் மனத்துக்கு ஓதுதல், விழித்திருத்தல், தொழுகை. கொதிக்கும் இச்சைக்குப் பசியும் உழைப்பும். கோபத்துக்குச் சங்கீதமும் பொறுமையும் இரக்கமும். ஒருவன்மேல் வன்மம் தீரவில்லையா, அவனுக்கு ஏதேனும் பரிசு கொடு, பரிசு கொடுக்க வசதியில்லாத ஏழையானால் அவனைச் சாப்பிட அழை என்கிறார். வீண் புகழுக்கு மட்டும் அவருக்கே மருந்து எளிதில் கிடைக்கவில்லை. அதை விரட்டச் செய்யும் செயலே அடுத்த புகழுக்குக் காரணமாகிவிடுகிறது என்று கவலைப்படுகிறார். காம எண்ணமும் புகழாசையும் ஒன்றுக்கொன்று பகை என்பதால், ஒன்று வரும்போது மற்றதை நினைத்து முள்ளை முள்ளால் எடுப்பது போல் எடுக்கலாம் என்றும் சொல்கிறார். இது நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எடுத்த முள்ளை எங்கே போடுவது? அவரும் அதைக் கீழ்ப்படியாகவே வைத்திருக்கிறார்.

இவையெல்லாம் துறவிகளுக்காக எழுதப்பட்டவை. துறவறம் அவர்கள் தாமாக ஏற்படுத்திக்கொண்டது என்று குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் சொல்கிறது. மனைவி மக்களோடு, கடையும் கடனுமாக இருப்பவனுக்குப் பாலைவனம் எதற்கு உதவும்? அப்படிப்பட்டவனும் கையாளக் கூடிய முறையொன்றை ஸ்பெயின் தேசத்து லொயோலா இஞ்ஞாசியார் (1491-1556) தந்தார். அவருடைய பயிற்சி நூல் 1548இல் அச்சாயிற்று. பல குற்றங்களோடு ஒரே சமயத்தில் போராட வேண்டாம், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்பது அதன் அடிப்படை. காலையில் எழும்போது அக்குற்றத்தைச் செய்யாதிருக்க நிய்யத் செய்துகொள்ள வேண்டும். தவறியபோதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும். பகலுணவுக்குப் பின் ஒருமுறையும் இரவுணவுக்குப் பின் ஒருமுறையும் மணிக்கணக்காகத் திரும்பிப் பார்த்து, தவறிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு கோடுகள், வாரத்துக்குப் பதினான்கு. பிறகு இரண்டாம் கோட்டை முதற் கோட்டோடும், இன்றை நேற்றோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும்.

நம் பெரியோர்கள் 'முஹாஸபா' என்று அழைத்த கணக்குப் பார்த்தலுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. பிள்ளைகள்மீது சீறி விழுகிற தகப்பனுக்கும், பிறர் வீட்டுக் கதை பேசாமல் இருக்க முடியாதவருக்கும் ஒரு தாளும் பென்சிலும் போதும். கோட்டில் புள்ளியே இருக்கக் கூடாது என்று இஞ்ஞாசியார் கேட்கவில்லை. மாலைக் கோட்டில் பகற்கோட்டைவிடக் குறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கச் சொன்னார். அவருடைய நூலில் அச்சாகியிருக்கும் அந்தக் கோடுகளும் வாரத்தின் முதல் நாளில் நீளமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டே போகின்றன.