எதை விட்டுச் செல்வது?

பயணம் என்றதும் எதை எடுத்துச் செல்வது என்றே நாம் எண்ணத் தொடங்குகிறோம். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நாளில் ஊறுகாய்ச் சாடியையும் கறிவேப்பிலைக் கன்றையும் சுமந்து வந்தவர்கள் அல்லவா நாம்! ஆயின் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுத் தீவையும் காட்டையும் மலையையும் காணப் புறப்படுவோர் கேட்க வேண்டிய வினா வேறு: எதை விட்டுச் செல்வது?

கலாபகோஸ் தீவுகளுக்குச் செல்வோரின் பைகளில் விதையோ கனியோ உண்டா எனச் சோதிக்கின்றனர். காரணம் உண்டு. 1959-இல் அங்குள்ள பிண்டா தீவில் மூன்று ஆடுகளை மீனவர் விட்டனர். அவை பல்லாயிரமாய்ப் பெருகிப் பசுமையை மேய்ந்து அழித்தன. கடலோடிகளின் வேட்டையால் முன்பே அருகியிருந்த அத்தீவின் பேராமைகளுக்கு உணவும் நிழலும் குன்றின. அவ்வினத்தின் கடைசி ஆமை 2012-இல் மடிந்தது. ஆடு விட்டவர் தீங்கு நினைத்தவர் அல்லர்; நினையாமையே தீங்காயிற்று.

கிழக்கே யசுனி மழைக்காட்டில் வெளியுலகை விலக்கி வாழும் குடிகள் உள்ளனர். நமக்குச் சளியாவது அவர்களுக்குக் கொள்ளைநோயாகலாம். ஆகவே அவர்களைக் காணும் ஆவலை விட வேண்டும். 6,263 மீட்டர் உயர்ந்த சிம்பராசோ மலையிலோ விரைவை விட வேண்டும். மெல்ல ஏறாதவரை உயிர்வளி குறைந்த காற்று வீழ்த்திவிடும்.

அவ்வாறாயின் நாம் கன்று சுமந்தது பிழையா? அன்று. குடியேறியவர் நட்டதைப் பேண அங்கேயே இருக்கிறார். விருந்தினரோ விளைவைக் காணாமல் திரும்பிவிடுகிறார். தம் மண்ணைப் பிரிந்து அதன் அருமை உணர்ந்த நாம், பிறர் மண்ணை மாற்றாமல் மீள்வதே அறம்.