காணாமை இன்மையாமோ?

ஒரு பொருள் காணப்படாமையே அது இல்லையென்பதற்குச் சான்றாமோ? அபாவத்தையும் ஓர் அளவையாக எண்ணும் நம்மனோர் இவ்வினாவைப் புறக்கணித்தல் ஒண்ணாது. ஒளியுள்ள நிலத்திற் குடம் காணப்படாதாயின் குடம் இன்றெனத் துணியலாம். இருட்டறையில் அங்ஙனம் துணிதல் கூடாது. காண்டற்குரிய ஏதுக்கள் நிரம்பியிருந்தும் காணாதவழியே காணாமை இன்மையை உணர்த்தும் என மீமாஞ்சகர் வரையறுத்தது இதுபற்றியே.

இங்கிலாந்தில் வாழ்ந்த வானநூற் பேரறிஞர் வில்லியம் ஹெர்ஷல், விருச்சிக ராசியில் விண்மீன் செறிந்த பரப்பினிடையே மீனற்ற கரிய இடமொன்று கண்டு, 1785ஆம் ஆண்டில் அதனை வானத்திலுள்ளதொரு திறப்பென எழுதினர். அருகே மீன்கள் திரண்ட கூட்டமொன்று இருந்தமையின், அவ்விடத்து மீன்களே அங்கு ஈர்க்கப்பட்டிருக்கலாமெனக் காரணமுங் கூறினர். காரணம் அழகியதே, ஆயின் பிழை அதற்கு முன்னரே புகுந்துவிட்டது. இடையே திரையின்மையை அவர் ஆராய்ந்திலர்.

அமெரிக்கராகிய பார்னர்டு என்பாரும் இத்தகைய இடங்கள் பலவற்றை முதலில் வெற்றிடமென்றே கருதினர். பல்லாண்டு எடுத்த புகைப்படங்களே அவர் கருத்தை மாற்றின. 1919இல் 182 கரிய இடங்களுக்குப் பட்டி வகுத்து, அவற்றுட் பல பின்னுள்ள ஒளியை மறைக்கும் பொருள்களே என்றனர். தாம் கொண்டதைத் தாமே விடுதல் கற்றார்க்கும் அரிது.

அப்பட்டியில் 68ஆம் எண் பெற்ற முகிலைக் காண்க. அதன் குறுக்களவு ஏறத்தாழ அரை ஒளியாண்டு. தட்பம் நீருறைநிலைக்கு ஏறக்குறைய 260 பாகை கீழ். அதிற் பெரும்பாலது ஹைட்ரஜன் வாயு. ஒளியை மறைப்பதோ நிறையில் நூற்றிலொரு பங்கேயாகிய நுண்துகள். அதன் நடுவிடமும் நாம் உயிர்க்குங் காற்றினும் கோடி கோடி மடங்கு நொய்யது. நொய்ம்மையை நெடுமை ஈடுசெய்தலாற் புகைநுண்மையே பெருந்திரையாயிற்று.

இதனை ஆணவவிருளுக்கு உவமையாக்கலாம், சான்றாக்குதல் தகாது. நம் நூலோர் இம்முகிலை அன்றே அறிந்தனரெனக் களித்தலும் வேண்டா. "காணேன், ஆகலின் இல்லை" என்பானை மறுக்கும் நியாயம், "காணேன், ஆகலின் உண்டு" என்பானுக்குத் துணையாகாது.

முகில் உண்டென்பதும் வேறு சான்றாலேயே நிலைபெற்றது. கட்புலனாகாத நெடிய அகச்சிவப்பலைகள் அத்துகள்களைக் கடந்து வருவன. அவற்றாற் பார்த்த அறிஞர், முன் காணப்படாத ஆயிரத்திற்கு மேற்பட்ட மீன்களை அதன் பின்னே கண்டு, 2001இல் தம் ஆய்வை வெளியிட்டனர். விளிம்பிலுள்ளவை சிறிதே சிவந்திருந்தன. நடுவை அணுகுந்தோறும் சிவப்பு மிகுந்தது. அம்மிகுதி கொண்டே எவ்விடத்து எத்துணைத் துகள் உளதென அளந்தனர்.