பள்ளிக்கூடத்தில் காமிரா

டிஜிட்டல் காமிராவை மாணவர் கையில் கொடுத்துப் பாடம் கற்பிக்கும் முறை இந்நாளில் எங்கும் பேசப்படுகிறது. இதனால் அறிவு வளருமா என்பது ஒரு கேள்வி. ஒருவரைப் படம் பிடிக்கும் உரிமை மற்றொருவருக்கு எங்கிருந்து வந்தது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விடை காண்பது அத்துணைக் கடினமன்று. இரண்டாவதைப் பற்றியே நாம் விரிவாகக் கூற விரும்புகிறோம்.

1975ஆம் ஆண்டில் கோடக் கம்பெனியைச் சேர்ந்த ஸ்டீவன் சாஸன் அமைத்த முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தை நாடாவில் பதிக்க 23 விநாடி எடுத்துக்கொண்டது. இன்றோ கண்ணிமைக்குமுன் படம் பதிந்துவிடுகிறது. பிலிம் செலவும் இல்லை. சுங்கை பூலோ வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்பொருளுக்குப் பஞ்சமேது? சாலையோர நாற்றுப் பண்ணையில் ஒரு செடியைத் தினமும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து அடுக்கிப் பார்த்தால், வளர்ச்சி என்பது கண்முன்னே விளங்கும். ரப்பர் மரத்தில் வெட்டு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்கிறது? பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து செல்வதால், அவ்வாறு வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். பாட்டி கைப்பழக்கத்தால் செய்ததன் காரணத்தைப் பேத்தி படம் பிடித்து ஆராய்ந்தறிவது நல்ல கல்வியே.

ஆயின் பொத்தானை அழுத்துவது வேறு, பார்ப்பது வேறு. 2014இல் லிண்டா ஹெங்கல் என்னும் உளநூற் பேராசிரியை வெளியிட்ட ஆராய்ச்சியில், காட்சிசாலைப் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே நோக்கியவர்களைக் காட்டிலும் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தனர். ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தவருக்கோ அக்குறை நேரவில்லை. எனவே எதைப் பார்ப்பது என்னும் வினாவை ஆசிரியர் முதலில் எழுப்புதல் வேண்டும். காமிரா அதன்பின் வரட்டும்.

இனி உரிமைக்கு வருவோம். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று நம் முதியோர் அஞ்சியதுண்டு. அம்மூட நம்பிக்கை ஒழிந்தது நன்றே. ஆனால் இன்று ஒரு சிறுமி, “என்னை எடுக்காதே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதையும் மூடத்தனம் என்று தள்ளிவிடலாமா? அவள் அஞ்சுவது ஆயுளுக்காகவன்று, மானத்துக்காக.

மானத்தைப் பற்றிப் பேச சுங்கை பூலோவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1930இல் இங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் தொற்றுமென்னும் அச்சத்தால் மனிதர் உற்றாரைப் பிரிந்து இங்கு ஒதுக்கி வைக்கப்பட்டனர். உலகெங்கும் தொழுநோய் மருத்துவ நூல்களில் உடலைக் காட்டிப் பெயரை மறைத்த படங்கள் ஏராளம். அவற்றால் மருத்துவம் பயனடைந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. சம்மதம் கேட்கப்பட்டதா என்பதே நம் வினா. நோய் நீங்கி அங்கேயே முதுமையடைந்தோரைக் காண மாணவர் காமிராவோடு சென்றால், முதலில் பெயரைக் கேட்டு அமர்ந்து பேசுக. படமெடுக்கலாமா என்று வினவுக. வேண்டாமெனில் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு உரையாடலைத் தொடர்க. அன்றைய பாடத்தில் அதுவும் ஒரு பகுதிதான்.

பிள்ளைகளிடம் இவ்வளவு எதிர்பார்க்கும் பெரியோர் தாம் செய்வதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஏழைப் பிள்ளைக்கு ஒரு ஜோடி காலணி கொடுக்க நால்வர் மேடையேறுகிறார்கள். பின்னே பெரிய துணிப் பதாகை. பிள்ளை காலணியை நீட்டிப் பிடித்துச் சிரிக்கவேண்டும். மறுநாள் அப்படத்தை ஊரே பார்க்கிறது, வகுப்புத் தோழரும் பார்க்கின்றனர். கொடுத்தவருக்குப் புகழ், வாங்கிய பிள்ளைக்கோ இல்லாதவன் என்னும் பட்டம். இதற்குப் பெயர் தருமமாம்! கணக்குக்குச் சான்று வேண்டுமென்பார் சிலர். பெற்றோர் கையொப்பம் போதுமே. படந்தான் வேண்டுமென்று பிடிவாதம் செய்வோர் காலணியை மேசைமேல் வைத்துப் படமெடுத்துக்கொள்ளட்டும்.