மரநிழலில் இருப்பது கடமை தவறுவதா?

பேராதனையில் ஒரு பக்கம் ஹந்தானை மலை. மறு பக்கம் மகாவலி கங்கை. 1942இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கு குடிவந்தது. மரமும் புற்றரையும் அங்கே கண்ணுக்கெட்டிய இடமெல்லாம் உண்டு. ஆயினும் பரீட்சை நெருங்கும் நாட்களில் ஆற்றங்கரையில் அரை மணி நேரம் அமர்ந்திருக்க மனம் துணியாத மாணவர் எத்தனை பேர்!

அவர்களுள் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். அவன் படிப்புக்காகத் தந்தை கடன்பட்டிருக்கிறார். "தம்பி, கவனமாய்ப் படிக்கிறாய்தானே?" என்று தாய் தொலைபேசியில் கேட்கிறாள். இரவெல்லாம் விழித்ததில் தலை கனக்கிறது. வாசித்த பக்கம் மனதில் தங்கவில்லை. சற்று வெளியே சென்று மரநிழலில் இருந்தாலோ, பெற்றோரை ஏமாற்றுகிறோமே என்ற எண்ணம் நெஞ்சை உறுத்துகிறது. இந்த உறுத்தல் நியாயமானதா?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர்கள் ஒரு முறை மரச்சோலை வழியாகவும், இன்னொரு முறை சந்தடி மிக்க நகரத் தெரு வழியாகவும் நடந்தனர். நடந்தபின் இலக்கங்களைத் தலைகீழாக ஒப்புவிக்கும்படி கேட்கப்பட்டது. சோலையில் நடந்துவந்த பின்னரே அவர்கள் கூடுதலாகத் தேறினர். தெருவில் வாகனத்துக்கும் சனத்துக்கும் விழிப்பாக இருக்க வேண்டும். மரம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அதனால் களைத்த கவனம் அங்கே ஆறுகிறது. கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இயற்கைச் சூழலில் 10 முதல் 50 நிமிடம் இருப்பதோ நடப்பதோ மாணவர் மனநலத்துக்கு உதவும் என்றனர்.

ஆனால், 'பத்து நிமிடம் மரநிழல், பிறகு கூடிய புள்ளி' என்று கணக்கிட்டால் மரமும் இன்னொரு ரியூசன் வகுப்பாகிவிடும். பயன் தரும் நேரத்தில் மட்டுமா மனிதனுக்கு மதிப்பு? கடன்பட்ட அந்தத் தந்தையும் மத்தியான வெயிலில் வேப்பமர நிழலில் துண்டை விரித்து இளைப்பாறுகிறார். அதை எவரும் துரோகம் என்பதில்லை. மகன் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியது தன் மணித்தியாலங்கள் அனைத்தையும் அல்ல, நலமான தன்னையே.

மரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. வறுமையையும் பகிடிவதையையும் ஆறு அடித்துச் செல்லாது. நாட்கணக்காக உணவும் உறக்கமும் இழந்து தவிப்பவனை 'ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வா' என்று அனுப்பிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது பெரும் பிழை. அவனுக்குச் செவிகொடுக்கும் மனிதர் வேண்டும். வைத்தியரின் உதவியும் வேண்டும்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையோடு பேசும்போது, "படிக்கிறாயா?" என்பதற்கு முன், "பின்னேரம் கொஞ்சம் காலாற நடந்தாயா, தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். தானாக எடுக்கத் துணியாத ஓய்வை, உங்கள் வாய்ச்சொல் அவனுக்குக் கொடுத்துவிடும்.