ஸ்டீயரிங்குக்குத் தெரியாதது டயருக்குத் தெரியும்



"என் மனசாட்சி என்னைக் குத்தவே இல்லையே பாஸ்டர், அப்புறம் என்ன தப்பு?" என்று விசுவாசிகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. மனசாட்சி சும்மா இருந்தால் மனுஷன் நிரபராதியா?

திண்டுக்கல்லில் வீல் அலைன்மென்ட் பார்க்கிற பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். முன் சக்கரம் இரண்டும் சம அளவில் உள்ளே திரும்பியிருந்தால் வண்டி ஒரு பக்கமாய் இழுக்காது. ஸ்டீயரிங் நேராய் நிற்கும். டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆனால் சக்கரம் அரை டிகிரி கோணியிருந்தாலே, கிலோமீட்டருக்குச் சுமார் 9 மீட்டர் குறுக்கே இழுபடும். மதுரை போய்ச் சேருவதற்குள் அரைக் கிலோமீட்டர்! டயரைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, திருப்பித் தடவினால் சொரசொரப்பு.

தேவபிள்ளையே, நீ உபவாச ஜெபத்துக்குத் தவறுவதில்லை, ஸ்தோத்திரம்! ஆனால் உன் கடுஞ்சொல்லால் தேய்ந்துபோன மனைவி? சனிக்கிழமைக் கூலிக்குத் திங்கட்கிழமை வரை காத்து நிற்கிற வேலையாள்? உனக்கு வலிக்கவில்லை என்பதால் பாவம் இல்லாமல் போய்விடுமா? அறியாமல் செய்த பாவத்துக்கும் பலி செலுத்தச் சொல்லுகிறது லேவியராகமம் 4-ஆம் அதிகாரம். தன்மேல் குற்றம் எதுவும் தனக்குத் தெரியவில்லை, அதனால் மட்டும் தான் நீதிமான் ஆகிவிடவில்லை என்கிறார் பவுல் (1 கொரி. 4:4).

"தெரியாததற்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்பீர்கள். தெரியாமல் இருப்பது வேறு; தெரிந்துகொள்ள மனதில்லாமல் இருப்பது வேறு. டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டே யாரும் அலைன்மென்ட் பார்க்க முடியாது. அளவு வெளியே இருந்து வரவேண்டும். அதனால்தான் தாவீது, தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி தேவனிடமே கேட்டான் (சங். 139).

பட்டறையில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் டயரில் காற்று பார்ப்பார்கள். பிறகு வண்டியைத் தூக்கி, டை ராடு எண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டத்தைச் சரிபண்ணாமல் அளவு வைத்தால் அது நிற்காது. அதற்கப்புறம்தான் டை ராடைத் திருகி அளவு வைத்து, லாக் நட்டை இறுக்குவார்கள். கூலிபாக்கியை வைத்துக்கொண்டு புதுப் பொருத்தனை பண்ணுகிறவர்களே, கவனியுங்கள்! சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8).

இன்று ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு முன்னே, "என்னால் உனக்கு எங்கே வலிக்குது?" என்று வீட்டில் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஆவியானவர் அந்தப் பதிலைக்கொண்டும் உங்களோடு பேசுவார்.

கர்த்தர் தாமே உங்களைச் சீர்ப்படுத்துவாராக. ஆமென்!